பஃபரில் சேர்ந்தது

மனித குலத்தின் விடுதலை லினக்ஸ் என்ற கட்டற்ற கணினி இயங்குதளத்தில்தான் இருக்கிறது என்று தல்லாகுளம் முழுக்க முழங்கிவந்த கணினிப் பேராசிரியர் நாகசுப்பிரமணியனால், மச்சினன் பாடும் ஒரு பாட்டைத் தம் வீட்டில் முழுதாகக் கேட்க முடியவில்லை. சிங்கப்பூர் இணைய வானொலியில் அவனுக்கு முதல் கச்சேரி. நாலு வரி வரும், அறுந்துபோகும்.

அடுக்களையிலிருந்து மனைவி மீனலோசனி குரல் கொடுத்தாள். "எந்தம்பி தொண்டையில முள்ளா சிக்கியிருக்கு? பக்கத்து வீட்டு விண்டோஸ்ல அம்புட்டு அழகா கேக்குதாம்."

"அடிமைகளுக்கு எல்லாம் அழகாத்தான் கேக்கும்."

அந்திக் காற்று ஜன்னல் கதவை உரசிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரின் விசிறி சூடேறிய தூசி வாசனையை அறை முழுக்கப் பரப்ப, பாட்டு மறுபடி அறுந்த அந்த இடைவெளியில், ஸ்பீக்கருக்குள் ஓர் எவர்சில்வர் தட்டு விழுந்து, உருண்டு, சுழன்று, அடங்கியது. சற்றுக் கழித்து அடுக்களையில் மீனலோசனி தட்டைத் தவறவிட்டாள். அதே உருளல். அதே அடங்கல்.

மைக் ஏதும் மாட்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த இடைவெளியில் ஸ்பீக்கர், மீனலோசனியின் குரலில், "காபி ஆறிப்போச்சுங்க" என்றது. பிறகுதான் மீனலோசனி அதைச் சொன்னாள்.

வேறொருவர் என்றால் வயரைப் பிடுங்கியிருப்பார். பேராசிரியர் அப்படிச் செய்யலாமா? பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். அது சிறுத்தால் பாட்டு அறுபடும் என்பது அவர் வகுப்பில் நடத்தும் பாடம். பெரிதாக்கினார். பத்து மடங்கு.

நிறையச் சேர்ந்துவிட்டது. மச்சினன் பாடவில்லை. நாற்காலி சாய்கிற சத்தம். கொலுசு ஓடிவருகிறது. "ஏங்க! எந்திரிங்க! கண்ணத் தொறங்க!" தெருவே வீட்டுக்குள் வருகிறது. யாரோ பெஞ்சை இழுத்துப் போடுகிறார்கள். அழுகை. எல்லார் குரலும் இருந்தது. அவர் குரல் இல்லை.

"என் மிஷின்ல என்னைக் கேக்காம ஒண்ணும் ஓடாதுடா!"

பாட்டை ஓட்டும் நிரலை நிறுத்தினார். அழுகை ஓடியது. நெட் வயரைப் பிடுங்கினார். ஓடியது. ஸ்பீக்கரின் பிளக் கையோடு வந்தது. ஓடியது.

"அழுங்கடா! நான் சாயமாட்டேன்!" கால்களை ஊன்றினார். நாற்காலியின் கைகளை இறுகப் பற்றினார்.

"யாருகூடங்க சண்டை போடுறீங்க?" என்றாள் மீனலோசனி, அடுக்களையிலிருந்து.

ஸ்பீக்கர் ஓய்ந்தது. பஃபரில் சேர்ந்தது தீர்ந்துவிட்டது.

நாற்காலியின் முன்கால்கள், அவர் அசையாமலே, தரையைவிட்டு மெல்ல எழும்பின.

அவர் லுங்கி வெதுவெதுப்பாக நனைந்திருந்தது.