அடுப்படியில் நாலு கோடு

முத்துமீனாவின் அண்ணன் பாண்டிராஜுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இண்டர்வியூ. அதற்காக அவன் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. கம்பெனிக்காரர்களே செல்போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். 2004-ஆம் வருடத்தில் அது தெருவுக்கே பெரிய செய்தி.

ஆனால் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. திருப்பரங்குன்றம் மலையை ஒட்டிய வீடு அது. மலை பாதி மறைத்தது. சுவர் மீதியை மறைத்தது. கூடத்தில் நின்று பேசினால் பாதியிலேயே கட்டாகிவிடும். மொட்டைமாடியில் நன்றாகக் கேட்கும். கூடவே பக்கத்துப் பாத்திரப் பட்டறையின் சுத்தியல் சத்தமும் கேட்கும். போன மாதம் இன்னொரு கம்பெனிக்காரர், "அங்கே என்ன சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் பாண்டிராஜ் சரியாகச் சாப்பிடவே இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் முத்துமீனாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்தாள். வாசற்படியிலிருந்து அடுப்படி வரை, இரண்டடிக்கு ஒன்றாகத் தரையில் புள்ளி வைத்தாள். வாசலில் போட வேண்டியதை வீட்டுக்குள் போடுகிறாளே என்று அம்மா ராமக்காள் முணுமுணுத்தாள்.

முத்துமீனா ஒவ்வொரு புள்ளியிலும் நின்றாள். செல்போன் திரையில் டவர் எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதினாள். பாதி வீடு முடிந்தபோது பாண்டிராஜ் வந்தான்.

"நீ என் நெஞ்சு உசரம்தான் இருக்க. நான் காதுல வச்சுல்ல பேசணும்?"

அது நியாயம்தான். முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் முதல் புள்ளிக்குப் போனாள்.

கூடத்தில் ஒரு கோடு. சாமி படத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு எதிரே நாலு கோடு! மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் நாலுதான். சுத்தியல் சத்தமும் அங்கே அவ்வளவாக இல்லை. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நாலு நாள் கழித்து வந்த தண்ணீர். முந்தின நாளெல்லாம் குழாயடி வரிசையில் காலியாகக் கிடந்த குடங்களை அம்மா நிரப்பித் தர, முத்துமீனா சுமந்து வந்தாள். எவர்சில்வர் குடம் ஆறு, பிளாஸ்டிக் குடம் எட்டு. எல்லாவற்றையும் வழக்கம்போல அடுப்படி மேடையில் இரண்டு அடுக்காக அடுக்கினாள்.

பத்து மணிக்குப் பாண்டிராஜ் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் நின்றான். போன் அடித்தது. "வணக்கம் சார்" என்றான். அதோடு கட்டாகிவிட்டது. திரையில் ஒரே ஒரு கோடு.

"நாலுன்னு சொன்னியே மீனா" என்றான் மெதுவாக.

அவன் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முத்துமீனா நோட்டைப் புரட்டினாள். அதே புள்ளி, அதே உயரம். நேற்று இல்லாதது இன்றைக்கு என்ன வந்திருக்கிறது? நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலே தெரியவில்லை. குடங்கள்தான் தெரிந்தன.

மேல் அடுக்கிலிருந்து மூன்று குடங்களை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தாள். ஒரு கோடு இரண்டானது.

"அம்மா, தண்ணிக்குடந்தாம்மா மறைக்குது. அம்புட்டையும் எடுக்கணும்."

ஒரு சொட்டு சிந்தினாலும் அம்மாவுக்கு மனசு ஆறாது. இருந்தாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குடத்தைத் தூக்கினாள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் அத்தை, "என்ன, வீடு மாத்துறீகளா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றை இடுப்பில் ஏற்றினாள். மூன்று பேரும் ஓடி ஓடிக் கொல்லைப்புறத்தில் வைத்தார்கள். கடைசி மூன்று குடங்களைத் தூக்கிய நேரத்தில் போன் மறுபடி அடித்தது. நாலு கோடு.

பாண்டிராஜ் பேச ஆரம்பித்தான். மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குடத்தைக் கீழே வைத்தால் சத்தம் வரும். நடந்தால் தண்ணீர் தளும்பும். இருபது நிமிடம் யாரும் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

"ரொம்ப நன்றி சார்" என்று பாண்டிராஜ் போனை வைத்தான். "திங்கக்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அப்புறம்தான் குடங்கள் தரைக்கு இறங்கின. முத்துமீனாவுக்குச் சந்தோஷத்தில் கை வலிகூடத் தெரியவில்லை.

"வேலை கெடச்சது சரி. என் இடுப்புக்கு யாருப்பா வைத்தியம் பாக்குறது?" என்றாள் ரெங்கம்மாள் அத்தை.

மறுநாள் அம்மா வீட்டைக் கழுவினாள். கூடத்துப் புள்ளிகள் எல்லாம் போயின. அடுப்படியில் வட்டம் போட்ட புள்ளியை மட்டும் அம்மா சுற்றிச் சுற்றிக் கழுவினாள்.