காயாத துண்டு

மதிய வெயிலில் மூங்கில் கழியில் கிடந்த சட்டைகள் எல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தன. அந்த ஒரு துண்டு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜைனப் சமையலறை ஜன்னல் வழியாகக் கழியை உள்ளே இழுத்து, மற்றத் துணிகளை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, அந்த நீலத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கியதுபோல் கனத்தது. தீவிலிருந்து வந்த பிறகு அதை எத்தனை தடவை மெஷினில் போட்டுப் பிழிந்துவிட்டாள்! விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

"என்ன எழவு துணியோ," என்று மறுபடியும் கழியை வெளியே நீட்டினாள்.

வீடு சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில். மீன் வாடை அவளுக்குப் புதிதல்ல. காலையில் கீழே ஐஸ் உடைத்து மீன் கழுவி ஊற்றினால் ஏழாவது மாடிவரை ஏறி வரும். அது செத்த மீனின் வாடை. இரண்டு மூன்று நாளாக இந்த வீட்டுக்குள் அடிப்பதோ வேறு. பாசியும் ஈர மணலும் கலந்து, விடியற்காலையில் படகுத்துறையில் நின்றபோது மூக்கில் ஏறிய அதே வாடை. ஜன்னலைத் திறந்தால் குறைய வேண்டும். மூடினாலும் குறையவில்லை, திறந்தாலும் குறையவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, விடுமுறை என்றால் அது விடுமுறை. அவள் கணவன் இர்ஃபானுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. லீவைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, மனைவியையும் ஐந்து வயது மகள் சாதியாவையும் இந்தோனேசியாவின் பாத்தாமுக்குக் கப்பலேற்றி, அங்கிருந்து இன்னொரு படகில் அரைநாள் கூட்டிப்போனான். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத சின்னத் தீவு. கழுத்தளவு தண்ணீரில் நின்றால்கூடக் கால் நகம் தெரிந்தது. ஆமை பக்கத்தில் வந்து மூச்சு விட்டுவிட்டுப் போனது. திருக்கை மணலை உதறிக்கொண்டு எழுந்தது. மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் முழங்காலை வந்து வந்து கொத்தின. சாதியாவைப் பிடிக்க முடியவில்லை. வாப்பாவின் செருப்புக்குள் நண்டு வைத்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு எல்லோரையும் அலறவிட்டாள். ஜைனப் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

அங்கே ஒரு பெண் இருந்தாள். தினமும் காலையில் படகுத்துறைப் படிக்கட்டுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள். கூந்தல் தண்ணீர்மேல் விரிந்து கிடக்கும். அவளைச் சுற்றி மட்டும் மீன்கள் அப்படி மொய்க்கும். பேசமாட்டாள். சாதியாதான் படியில் உட்கார்ந்து, தன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பாள். படகுக்காரருக்குச் சொந்தக்காரியாக இருக்கும் என்று ஜைனப் நினைத்துக்கொண்டாள். அவள் தண்ணீரைவிட்டு வெளியே வந்து பார்த்ததில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜைனபுக்கு வாய் சும்மா இருக்காது. டாக்ஸிக்காரர், ரத்தம் எடுத்த நர்ஸ், கப்பலில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர், யாராக இருந்தாலும் பிரியும்போது, "கண்டிப்பா ஒருநா வீட்டுக்கு வாங்க, சாப்பிடாம விடமாட்டேன்," என்பாள். வாசலுக்கு வந்த யாரையும் இதுவரை 'போ' என்று சொன்னதில்லை. விற்க வந்தவர்களைக்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவாள். "ஒருநாளு எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கப் போறாங்க, அன்னிக்கு இருக்கு உனக்கு," என்று இர்ஃபான் கிண்டல் செய்வான்.

கிளம்புகிற அன்று காலையில் அந்தப் பெண் சாதியாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. ஜைனபுக்குச் சுருக்கென்றது. பிள்ளைமேல் கண் விழுந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? பிள்ளையைக் குறை சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் அதைத்தான் செய்தாள்.

"ரொம்பப் புடிச்சிருக்கா? வேணும்னா நீங்களே வச்சுக்குங்க! ஒரே சேட்டை. என்னால முடியல." புரியட்டும் என்று மலாயிலும் சொன்னாள். "அம்பில் லா, அம்பில்! எடுத்துக்குங்க!"

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜைனப் பையைத் தூக்கிப் படகில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், சாதியா கடைசிப் படியில் தலையோடு கால் நனைந்து நின்றாள். அந்தப் பெண்ணைக் காணோம். "கெளம்புற நேரத்துல விழுந்து தொலைச்சியா!" என்று திட்டி, நீலத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சாதியா தங்கமாக இருந்தாள். ஓட்டமில்லை, கத்தலில்லை. கொடுத்ததைத் தின்றாள், மீனை முள்ளோடு மென்று விழுங்கினாள். குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தால் போதும், கூப்பிடும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "பார்த்தீங்களா, ஊர் மாறினா புள்ளைங்க மாறுது," என்று ஜைனப் கணவனிடம் பெருமையடித்தாள். தலைமுடி மட்டும் எவ்வளவு துவட்டினாலும் ஈரமாகவே இருந்தது. தலையணையில் தினமும் ஈரவட்டம்.

பக்கத்து வீட்டுப் பூவம்மா அக்கா வாசல் இரும்புக் கேட்டைத் தட்டியது, அந்தத் துண்டை மறுபடி வெளியே நீட்டியதற்கு மறுநாள்.

"ஜைனபு, இங்க வந்து பாரு. யாரோ லிஃப்ட்டுலேருந்து ஈரத்தோட நடக்குறாங்க. முந்தாநேத்து லிஃப்ட் கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு. நேத்து அந்தக் கோடி வீடு வரைக்கும். இன்னைக்கு என் வாசலுக்கு வந்துருச்சு. வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது? டவுன் கவுன்சிலுக்குப் போன் போடணும் லா."

தாழ்வாரத்துச் சிமெண்டில் ஈரம் பட்டையாகக் கிடந்தது. காலடி தெரியவில்லை. எதையோ இழுத்துக்கொண்டு வந்த மாதிரி. பூவம்மாவின் செருப்பு அலமாரிக்கு முன்னால் அது நின்றிருந்தது. ஜைனப் குனிந்து தொட்டாள். விரலில் வெள்ளை மணல் ஒட்டியது. பவளம் உடைந்து பொடிந்த மாவு மணல். சிங்கப்பூரில் அந்த மணல் கிடையாது.

"என்னம்மா, முகமெல்லாம் ஒருமாதிரி ஆயிருச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

உள்ளே வந்து கேட்டைப் பூட்டினாள். கதவைச் சாத்தினாள். படகுத்துறையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது காதில் கேட்டது. வேலையில் இருந்த இர்ஃபானுக்குப் போன் போட்டாள்.

"நான் அவகிட்ட புள்ளையை எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேங்க."

"எவகிட்ட?"

"அந்தத் தண்ணியில நின்னாளே, அவகிட்ட. சும்மா விளையாட்டுக்கு. இப்ப அவ வாங்கிட்டுப் போக வந்திருக்கா. லிஃப்ட்டுலேருந்து தெனம் ஒரு வீடு தாண்டி வர்றா."

அந்தப் பக்கம் சரக்கு வண்டிகளின் பீப் சத்தம். "ஜைனப், என்ன புள்ள பேசுற? எவனாவது மீன் பெட்டியை இழுத்துட்டுப் போயிருப்பான். தேக்காவுக்குப் பின்னால குடியிருந்துக்கிட்டு ஈரத்துக்குப் பயந்தா எப்படி? ஆயத்துல் குர்ஸி ஓதிட்டு இரு. ஷிஃப்ட் முடிஞ்சதும் வந்துடுறேன்."

நாலு மணிக்கெல்லாம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டிசம்பர் மழை. எதிர்ப் பிளாக் மறைந்துபோகிற அளவுக்குக் கொட்டியது. கீழே ரோச்சோர் கால்வாய் நிரம்பி ஓடுகிற இரைச்சல், மழைச் சத்தத்துக்கு அடியில், யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜைனப் விளக்குகளை எல்லாம் போட்டாள். சாதியாவைத் தொட்டியிலிருந்து தூக்கி, துடைத்து, உடுப்பு மாற்றி, நடு வீட்டில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை கனத்தது. ஈரத் தலை அவள் நெஞ்சில் பட்டு ரவிக்கை நனைந்தது. ஜன்னலில் அந்தத் துண்டு கழியோடு அடித்துக்கொண்டது. ஓத ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்தது. சின்ன வயதிலிருந்து ஓதுகிற வார்த்தை.

போனில் மஹ்ரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, பாங்கு ஒலித்து அடங்கியது.

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம்.

யாரும் நடக்கவில்லை. ஈரத்துணியைத் தரையில் இழுக்கும் ஓசை மட்டும். இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. கோடி வீட்டைத் தாண்டியது. பூவம்மா வீட்டைத் தாண்டியது.

நின்றது.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. மெதுவாக, நூலாக, தரை ஓட்டின் இடுக்கு வழியே. கடல் வாடை.

கேட்டில் தட்டும் சத்தம். கீழே. முழங்கால் உயரத்தில்.

"வந்துட்டாங்க," என்றாள் சாதியா, மடியில் படுத்தபடியே. அவள் குரலில் பயம் இல்லை. "அந்த ஆன்ட்டிதான். தொறக்காதீங்க உம்மா."

"இல்லடா செல்லம். உசிரே போனாலும் தொறக்க மாட்டேன்." ஜைனப் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இங்க பாருங்க. நான் தெரியாமச் சொல்லிட்டேன். எங்கள்ல அப்படிப் பேசுறது வழக்கம். மனசாரச் சொல்லல. புள்ளையைத் தர முடியாது. என்னை மன்னிச்சிடுங்க. போயிட்டு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டிருந்தது. 'வாங்க' என்று முடித்திருந்தால்? யா அல்லாஹ்.

மறுபடியும் தட்டல். வேகமாக. இரண்டு கையாலும்.

"போன்னு சொல்லுங்க உம்மா," என்றாள் சாதியா. சில்லென்ற கைகள் ஜைனபின் கழுத்தைச் சுற்றின. "நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

வெளியே ஒரு சத்தம். தேம்பல் மாதிரி. கேட்டுக் கம்பி குலுங்கியது. கதவின் அடிப்பாகத்தில் நகம் கீறியது.

"சொல்லுங்க உம்மா."

ஜைனபுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பெற்றவளின் ஆத்திரம். வாசலில் நின்ற யாரிடமும் சொல்லாததை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"போ! போயிடு! இனிமே இந்த வாசல்ல வந்து நிக்காதே! போ!"

கீறல் நின்றது.

மழை. கால்வாய். வேறு ஒன்றுமில்லை. கதவடியில் வந்த தண்ணீர் வந்த வழியே பின்வாங்கியது. ஜைனப் மூச்சை விட்டாள். பிள்ளையை இறுக்கி அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். உப்பு.

அப்போது கதவுக்கு வெளியே, தரையோடு தரையாக, தொண்டை கம்மிய ஒரு சின்னக் குரல் கேட்டது.

"உம்மா... நான் இனிமே சேட்டை பண்ண மாட்டேன்."

இழுக்கும் ஓசை திரும்பிப் போக ஆரம்பித்தது.

ஜைனப் அசையவில்லை. அந்தக் குரல். நண்டு வைத்துவிட்டு மேசைக்கு அடியிலிருந்து சிரித்த குரல். கத்தினால் ஓரத்தில் கீச்சென்று உடைகிற குரல். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? தீவிலிருந்து கிளம்பிய அன்று காலையிலிருந்து கேட்கவே இல்லை. வீட்டில் பேசிக்கொண்டிருப்பது யார் குரல்?

மெல்லக் குனிந்து மடியைப் பார்த்தாள். பிள்ளை அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை. அது இமைத்து அவள் பார்த்ததே இல்லை.

எழுந்தாள். கழுத்தைக் கட்டிய கைகள் விடவில்லை. மூட்டை அரிசியைத் தூக்கியது போன்ற கனம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். கதவின் அடிப்பாகத்தில் ஈரத்தில் பதிந்த கைத்தடங்கள். ஐந்து விரலும் தெளிவாக. அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிற தடங்கள். கேட்டின் பூட்டைத் திறப்பதற்குள் லிஃப்ட் கீழே போய்விட்டது.

தாழ்வாரச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

கீழே மழையில் ஒரு சின்ன உருவம் ஒரு காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. நின்றது. தலையைத் தூக்கி, கொட்டுகிற மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியாகத் தேடியது. ஏழாவது மாடிக்கு வந்ததும் பார்வை நின்றது.

சாதியா.

கூப்பிட வாயைத் திறந்தாள். சில்லென்ற கை ஒன்று அவள் வாயை மூடியது. அழுத்தமாக. உதட்டில் உப்புக் கரித்தது.

"கூப்பிடாதீங்க உம்மா," என்றது, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அது, காதோரத்தில் அன்பாக. "நான்தான் இருக்கேன்ல."

கீழே நின்ற பிள்ளை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, உம்மா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக, முகத்தைத் துடைத்துக்கொண்டு கால்வாயை நோக்கி நடந்தது.