இடது கொம்பின் முனை

சுவரில் மாட்டிய பழைய வேட்டை மிருகத் தலைகளின் கொம்புகளைச் சுத்தம் செய்வது என் தொழில். மனிதர்களை அவ்வளவாக நம்ப மாட்டேன். தூசியை நம்புவேன்.

அந்த வீட்டின் மாடி அறையில் மருந்து வாடையோடு ஈரத்தோல் வாடையும் அடித்தது. வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம், பேச்சும் போய்விட்டது. எதிர்ச்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், என்றோ அவர் சுட்ட காட்டெருமையின் தலை.

என் ஏணியைச் சாத்தி ஏறினேன். கண்ணாடிக் கண்களில் ஒட்டடை. வலது கொம்பில் விரல் கனத்துக்குத் தூசி.

இடது கொம்பின் முனையில் மட்டும் தூசியே இல்லை.

“இதை யாரும்மா தொடுறது?”

“அவ்வளவு ஒசரத்துல யாரு தொடுவாக்கா?” என்றாள் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே, விலகியிருந்த கணவரின் சட்டையை அவசரமாக இழுத்து மூடினாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். விலாவில் வட்ட வட்டமாகக் கன்றிய தடங்கள்.

“நான்தான் குத்துறேன்னு நாத்தனார் சொல்றாங்க. போலீசுக்குப் போவேங்கிறாங்க. நீங்களும் அப்படித்தான் பாக்குறீங்க.”

அப்படித்தான் பார்த்தேன். வாயில்லாத நோயாளியிடம் வஞ்சம் தீர்ப்பவர்கள் ஊரில் இல்லாமலா போய்விட்டார்கள்?

சோப்புத் தண்ணீரில் துடைத்து, விரிசலை அடைத்து, இரண்டு கொம்புக்கும் கறுப்பு மெழுகு பூசினேன். காய ஒரு நாள் ஆகும். போகும்போது ஏணியையும் தூக்கிக்கொண்டு போனேன். திருடன் கையில் சாவியைக் கொடுப்பார்களா?

மறுநாள் காலை நான் ஏணியோடு திரும்பி வந்தபோது, இடது முனையில் மெழுகு இல்லை.

நோயாளியின் வெள்ளைச் சட்டையில், விலாப்பக்கம், கறுப்பாக ஒரு வட்டம்.

அவர் கண்கள் கொம்பை விட்டு நகரவில்லை. அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கொம்பு என்பது எலும்பின் மேல் மாட்டிய உறைதான். பழசானால் திருகினாலே கழன்று வரும். இடது கொம்பைக் கழற்றிக் கோணியில் சுற்றினேன்.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன். இன்னிக்கு ராத்திரி என்ன ஆகுதுன்னு பாரும்மா.”

என் வீட்டின் பின்னறைதான் என் பட்டறை. முனைக்கு மறுபடி மெழுகு பூசி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் அவள் போன் செய்தாள். “ஒண்ணுமே ஆகலைக்கா. நாத்தனாரே வந்து பாத்துட்டாங்க. அவரு நிம்மதியா தூங்கினாரு.” அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதை மட்டும் திருப்பிக் கொண்டாந்துடாதீங்க.”

மனசு லேசாகி நான் போனை வைத்தபோது, என் கணவர் எழுந்து வந்து முதுகைக் காட்டினார்.

“ராத்திரி பூரா என்னவோ குத்திக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு பாரேன்.”

வெள்ளைப் பனியனில் கறுப்பாக ஒரு வட்டம்.

தொட்டேன். மெழுகு இன்னும் காயவில்லை.

அவர் திரும்பினார். என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

“என்ன வெளையாட்டு இது?” என்றார். சிரிக்கவில்லை.

இடுப்பைத் தடவினேன். சாவி இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த மாடி அறையில் நான் அவளைப் பார்த்த அதே பார்வை.