தும்புத்தடியும் பணிஸ் கூடையும்

சந்திரகாந்தாவின் தலைமுடியை மாசி மாதம் முத்துமாரியம்மன் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தைய மாதம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. "புள்ள எழும்பி நடந்தா முடி எறக்குறேன் தாயே" என்று அவளுடைய அம்மா ராசம்மா வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழும்பி நடந்தது. வேண்டிக்கொண்டது அம்மா, மொட்டை மகளுக்கு. இதில் எங்கேயோ இடிக்கிறது என்று சந்திரகாந்தாவுக்குத் தோன்றியது. ஆனால் மாத்தளைக் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு அதைப் பேசிப் பயனில்லை.

அவளுக்கும் ஒரு சின்ன ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குச் சுருட்டை முடி. அம்மா எண்ணெயை ஊற்றி, இழுத்து இழுத்துப் பின்னிவிடுவாள். முடியோடு சேர்ந்து கண்ணும் இழுபடும். அதனால் மொட்டை அடிக்கும்போது அவள் அம்மனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

"எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க. திருப்பிக் குடுக்கிறப்ப நேரா குடுங்க."

அம்மன் நேர்மையானவள். எதை எடுத்தாளோ அதையே திருப்பிக் கொடுத்தாள். ஒரு சுருள்கூடக் குறையவில்லை.

ஆடி மாதம் வந்தபோது முடி இரண்டு விரல் நீளம் இருந்தது. பின்ன முடியாது. படியவும் படியாது. எண்ணெய் வைத்தால் பளபளவென்று எழுந்து நின்றது. எண்ணெய் வைக்காவிட்டால் பளபளப்பு இல்லாமல் எழுந்து நின்றது. மழை நாளில் இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றது.

"சந்திரகாந்தா, வகுப்பு கூட்டணும். தும்புத்தடியக் காணோம். ஒன் தலையக் கொஞ்சம் குடு" என்றான் அவளோடு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நடராஜா.

வகுப்பு முழுவதும் சிரித்தது. தென்னந்தும்பு சிலிர்த்துக்கொண்டு நிற்கும் அந்தத் தும்புத்தடியைச் சந்திரகாந்தா பார்த்தாள். அதுவும் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகும்போது புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டாள். பை இல்லாத நேரங்களில் வெயிலில் நடக்கமாட்டாள். வெயிலில் நடந்தால் நிழலுக்கும் அதே தலை.

இப்படியிருக்கும்போது தலைமை ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. மாணிக்கவாசகம் சார் யாழ்ப்பாணத்துக்காரர். பலாபத்வலைத் தோட்டப் பக்கம் வந்து ஏழு வருடமாகியும் அவருடைய பேச்சு இன்னும் ஊரை விட்டு வரவில்லை.

"பிள்ளையள், வெள்ளிக்கிழமை எல்லாரையும் வைச்சுப் படம் எடுக்கப்போறம். ஒருத்தரும் வராமல் விடக்கூடாது. பொம்பிளைப் பிள்ளையள் ரெட்டைப் பின்னல் போட்டு, வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு வரவேணும். ஒரு படத்தை நான் கொண்டுபோவன். மற்றது இந்தச் சுவரிலை எப்பவும் தொங்கும்."

எப்பவும் என்றால் எவ்வளவு நாள் என்று சந்திரகாந்தா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் பெரியவளாகி, வயதாகி, செத்துப்போன பிறகும் அந்தச் சுவரில் ஒரு தும்புத்தடி தொங்கப்போகிறது.

வியாழக்கிழமை இரவே அவள் காய்ச்சலுக்கு ஏற்பாடு செய்தாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காச்சலெல்லாம் இல்ல. வேணும்னா வேப்பங்கொழுந்து அரைச்சித் தரவா?"

காய்ச்சல் உடனே குணமானது.

*

சந்திரகாந்தாவின் வகுப்புக் கூட்டாளி ஹிதாயா. அவளுடைய வாப்பா யாகூப் நானாவின் கடை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஹிதாயா கடைக்குப் பின்னால் காத்திருந்தாள். கையில் ஒரு சிரட்டை. சிரட்டை நிறையக் கித்துள் பாணி, ஒட்டும் கறுப்புப் பாகு.

"போன மாசம் எங்கட பூனை பாணி டின்னுக்குள்ள உழுந்துச்சி தானே" என்றாள் ஹிதாயா. "வெளிய எடுத்தா, ஒரு மயிர் எழும்பல்ல. ரெண்டு நாள் அப்படியே படிஞ்சி இருந்திச்சி."

"பூனைக்கு ஒண்ணும் ஆகலியா?"

"கொஞ்சம் கோவமா இருந்திச்சி. வேற ஒண்டுமில்ல."

சந்திரகாந்தா யோசித்தாள். பூனைக்கு எப்பவும் தொங்குகிற படம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தனக்கு இருக்கிறது. தலையைக் குனிந்தாள்.

பாணி குளிர்ச்சியாக இறங்கியது. ஹிதாயா சீப்பால் வாரினாள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் மசியாத முடி, மண்டையோடு மண்டையாக ஒட்டிக்கொண்டது. ரிப்பனைக் கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. பூ மாதிரி முடிந்து காதோரம் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினாள். அதுவாகவே நின்றது.

கடைக் கண்ணாடியில் சந்திரகாந்தா தன்னைப் பார்த்தாள். தலை, கறுப்பு வர்ணம் அடித்த பானைபோலப் பளபளத்தது.

"எப்பிடி?" என்றாள் ஹிதாயா.

"தும்பு இல்ல" என்றாள் சந்திரகாந்தா. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடராஜா வாயைத் திறந்தான். அவளைச் சுற்றி ஒரு முறை நடந்தான். மூடிக்கொண்டான்.

"ஆ, சந்திரகாந்தா. இண்டைக்கு வடிவா இருக்கிறாய்" என்றார் சார். அவரும் அன்று பெரிய ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார். அவருடைய தலையில் ஏழெட்டு முடிகள் இருந்தன. அவற்றை இடது காதிலிருந்து வலது காதுவரை கவனமாகப் பரப்பியிருந்தார். காற்றடிக்கும்போதெல்லாம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மாத்தளையிலிருந்து வந்திருந்த படக்காரர் ஜுனைதீன், முற்றத்தில் மூன்று கால் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியது. பாணி மெதுவாக இளகி, சந்திரகாந்தாவின் கழுத்து வழியாக ஊர்வலம் புறப்பட்டது. எறும்பொன்று எதிர்த் திசையில் ஏறியது. அவள் அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் போதும்.

"நாப்பத்தாறு இருக்கவேணும். நாப்பத்தஞ்சுதான் நிக்குது" என்றார் சார். "முதலாம் வகுப்பிலை ஒண்டு குறையுது. ஆர்?"

"சுந்தரம்மா, சார்" என்றது ஒரு சின்னக் குரல்.

"சந்திரகாந்தா, அவள் உங்கடை லயத்துப் பிள்ளைதானே? எங்கை எண்டு பார்த்துக் கூட்டிக்கொண்டு வா."

*

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கும் பணிஸ் ரொட்டி அங்கேதான் வரும். பணிஸ் வரும் பிரம்புக் கூடை ஒன்று மூலையில் கவிழ்ந்திருந்தது. கூடைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"கூடைக்குள்ள யாரு?" என்றாள் சந்திரகாந்தா.

"யாருமில்ல" என்றது கூடை.

"அந்த யாருமில்லயத்தான் போட்டோவுக்கு வரச் சொல்றாங்க."

"வரமாட்டேன்."

"ஏன்?"

கூடை கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சியது. "எனக்குப் போன கெழம மொட்டை அடிச்சிட்டாங்க. கோயில்ல. எல்லாரும் ரிப்பன் கட்டியிருக்காங்க. போட்டோவுல நான் மட்டும் எப்பவும் மொட்டையா இருப்பேன்."

மறுபடியும் அந்த எப்பவும். சந்திரகாந்தா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடி வளரும் சுந்தரம்மா."

"பொய்."

"பொய்யில்ல. எனக்கு மாசியில அடிச்சாங்க. இப்ப வளந்திருச்சி பாரு."

கூடை ஒரு பக்கம் லேசாக உயர்ந்தது. ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் சந்திரகாந்தாவின் தலையை நன்றாகப் பார்த்தது.

"அது முடி இல்ல" என்றது கூடை. "பெயிண்டு."

கூடை இறங்கிவிட்டது.

சந்திரகாந்தா யன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். நடராஜா முன் வரிசைக்குப் பின்னால், நடுவில் நின்றான். தும்புத்தடி என்று சொன்ன நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்தத் தலையோடு திரும்பிப் போனால் சுவரில் அவள் அழகாகத் தொங்குவாள். கூடை இங்கேயே இருக்கும்.

சாரிடம் சொல்லிச் சுந்தரம்மாவைத் தூக்கிக்கொண்டு போகலாம். அது சுலபம். ஆனால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பது எப்படியிருக்கும் என்று சாருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அறைக்குப் பின்னால் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சந்திரகாந்தா ரிப்பன்களைப் பிய்த்தெடுத்தாள். வலித்தது. தலையைப் பீலிக்குக் கீழே நீட்டினாள். பாணி கரைந்து ஓடியது. எறும்பும் அதோடு போயிற்று. தாவணியால் துடைக்க அவளுக்கு இன்னும் தாவணி போடும் வயதாகவில்லை, சட்டை நுனியால் துடைத்தாள். இரண்டு தரம் தலையை உதறினாள்.

முடி எழுந்தது. முதலில் நெற்றிப் பக்கம், அப்புறம் காதுப் பக்கம், அப்புறம் எல்லாப் பக்கமும். ஒரு காலை நேரம் படுக்கவைத்த கோபமெல்லாம் சேர்த்து எழுந்து நின்றது.

அவள் உள்ளே வந்து கூடைக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"இப்ப பாரு."

கூடை உயர்ந்தது. இம்முறை இரண்டு கண்களும் தெரிந்தன. பிறகு மூக்கு, பிறகு வழுவழுப்பான ஒரு சின்னத் தலை. சுந்தரம்மா கையை நீட்டி ஒரு சுருளை அமுக்கினாள். அமுக்கிய சுருள் திரும்ப எழுந்தது. இன்னொரு தரம் அமுக்கினாள். இன்னொரு தரம் எழுந்தது.

சுந்தரம்மா சிரித்துவிட்டாள்.

"அக்கா, எனக்கும் இப்பிடி வருமா?"

சந்திரகாந்தாவின் தலையைப் பார்த்து இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. வராமலும் போகலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வரும்" என்றாள்.

பீலியில் கழுவிய ரிப்பனில் ஒன்றைச் சுந்தரம்மாவின் தலையைச் சுற்றிக் கட்டினாள். மற்றதைத் தன் தலையைச் சுற்றிக் கட்டினாள். ரிப்பன் கட்ட வேண்டும் என்று சார் சொன்னார். அதைக் கட்டியாயிற்று. பின்னலுக்கு அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நாற்பது அடி இருக்கும். சந்திரகாந்தாவுக்கு அது மாத்தளைவரை நீண்டது. காது இரண்டும் சுட்டன.

"தும்புத்தடி திரும்பி வந்திருச்சி" என்றான் நடராஜா.

நாலு பேர் சிரித்தார்கள். சந்திரகாந்தா தரையைப் பார்த்தாள். சுந்தரம்மா பார்க்கவில்லை. அவள் நின்று, நடராஜாவை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் வரப்போவுது" என்றாள். "ஒங்களுக்கு வராது."

அதில் அவ்வளவு பெருமை இருந்தது. நடராஜா தன் தலையைத் தடவிப் பார்த்தான். அங்கே ஒரு சுருளும் இல்லை.

சார் இரண்டு பேரையும் முன் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சுந்தரம்மா அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒங்களுக்கும் முடி எறக்குனாங்களா?"

சார் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. ஆனால் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கினம்."

அதற்குப் பிறகு காற்றடித்தபோது அவர் தலையில் கை வைக்கவில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க. ஒருத்தரும் அசையப்படாது" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஜுனைதீன் சொன்னார்.

அப்போதுதான் தேனீ ஒன்று வந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் பாணி மிச்சம் இருந்திருக்க வேண்டும். அது சந்திரகாந்தாவின் காதோரத்தில் இறங்கி உட்கார்ந்தது. அவள் ஓடியிருக்கலாம். நாற்பத்தாறு பேரின் படம் கெட்டுப்போகும். அவள் அசையாமல் இருந்தாள். சுந்தரம்மாவின் கை அவளுடைய கைக்குள் இருந்தது.

படம் சுவரில் மாட்டப்பட்டது. அடியில் 1964 என்று எழுதியிருந்தது. முன் வரிசையில் ஒரு மொட்டை, ஒரு சுருட்டை, ஏழெட்டு முடிகள் செங்குத்தாக நிற்கும் ஒரு தலைமை ஆசிரியர். சந்திரகாந்தாவின் காதில் ஒரு கறுப்புப் புள்ளி. புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் தோடு என்று நினைத்தார்கள்.

*

அடுத்த மாசியில் சுந்தரம்மா, ஆறாம் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றாள். முகம் தொங்கியிருந்தது.

"அக்கா, எப்ப சுருளும்?"

சந்திரகாந்தா பார்த்தாள். சுந்தரம்மாவின் முடி காதுவரை வளர்ந்திருந்தது. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து இறங்குவதுபோல், நேராக. தான் அம்மனிடம் கேட்ட முடி விலாசம் மாறி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இது சுருளாது போல இருக்கே" என்றாள்.

"வரும்னு சொன்னீங்க." சுந்தரம்மாவின் உதடு நடுங்கியது.

சொன்னது உண்மைதான். சந்திரகாந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுடைய முடி இப்போது காதைத் தாண்டியிருந்தது. இழுத்தால் பின்னலாம் என்று அம்மா இரண்டு வாரமாகச் சீப்போடு துரத்திக்கொண்டிருந்தாள். அவள்தான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் தலையைக் குனிந்தாள்.

"இந்தா. இது ஒனக்கும் சேத்துத்தான். எப்ப வேணும்னாலும் வந்து அமுக்கிக்க."

சுந்தரம்மா அமுக்கினாள். அது எழுந்தது. உதடு நடுங்குவது நின்றது.

மறுநாள் காலையில் அவள் தன் வகுப்புப் பிள்ளைகள் இருவரைக் கூட்டி வந்தாள். அதற்கு மறுநாள் ஐந்து பேர். மணி அடிப்பதற்கு முன் வாசலில் ஒரு வரிசையே நின்றது. ஆளுக்கு இரண்டு அமுக்கு என்று ஹிதாயா சட்டம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில் நடராஜா நின்றான்.

"நீ எதுக்கு?" என்றாள் சந்திரகாந்தா.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றான் அவன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

பீலி இருப்பது அந்தப் பக்கம் இல்லை. சந்திரகாந்தா தலையைக் குனிந்தாள்.