பதின்மூன்றாவது சொல்

பக்கத்தின் அடியில் இருந்தவை பன்னிரண்டு சொற்கள்தான். குட்டி அதற்கு அப்புறமும் நிறுத்தாமல், வெறும் காகிதத்தின் மேல் விரலை நகர்த்தி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தே... டு... ப... வர்."

அம்மா தூரிகையைத் தண்ணீரில் அலசியபடியே சிரித்தாள். "அப்படி ஒண்ணு நான் எழுதவே இல்லையேடி."

"இருக்கே. தேடுபவர்னா என்னம்மா?"

அலசிய கை நின்றது. ஆறு வயதுக்காரி, இப்போதுதான் படிக்கப் பழகுகிறாள். அர்த்தமே தெரியாத சொல்லை அவளாக எப்படிக் கட்டிவிட முடியும்?

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தேடிக் கண்டுபிடிக்கும் படப் புத்தகங்கள் வரைவதுதான் அம்மாவுக்குப் பிழைப்பு. படம் முழுக்க ஜனக்கூட்டம், அதற்குள் ஒளிந்திருக்கும் சாமான்கள், அடியில் அவற்றின் பெயர்கள். குட்டிதான் எப்போதும் முதல் வாசகி. அவள் எவ்வளவு நேரம் திண்டாடுகிறாள் என்று பார்த்துத்தான், பூனையை இன்னும் கொஞ்சம் மறைப்பதா, குடைக்காம்பைக் கொஞ்சம் வெளியே நீட்டுவதா என்று அம்மா முடிவு செய்வாள்.

"சரி, அவரு எங்க இருக்காரு, காட்டு."

ரயில் நிலையப் படத்தில், தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே குட்டி விரலை வைத்தாள். அங்கே சாம்பல் நிறச் சுவர் மட்டும்தான் இருந்தது. சந்தைப் படத்தில் தராசுக்குப் பின்னால் காட்டினாள். ஆஸ்பத்திரிப் படத்தில் வரிசையில் நாலாவது ஆளுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடப் படத்தில் கடைசிப் பெஞ்சில். அம்மா வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் தெரியாதவள் போல மறுபடியும் கேட்டாள். விரல் இம்மியும் பிசகாமல் அதே இடங்களில் போய் நின்றது. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் அடுத்த நிமிஷமே முகத்தில் காட்டிக்கொடுத்துவிடும் பிள்ளை அது.

"என்ன பண்றாரு அவரு?"

"ஒவ்வொருத்தர் மூஞ்சியா தடவிப் பாக்கறாரு."

"எதுக்கு?"

"அவருக்குத்தான் கண்ணே இல்லையே."

வெளியே சாயங்கால மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் மேஜை வரை வந்து மங்கியது. அறைக்குள் எங்கிருந்தோ காயாத துணியின் முடை நாற்றம் மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. அன்றைக்கு அவள் துணியே துவைக்கவில்லை.

படங்களை அடுக்கி அட்டை உறைக்குள் வைத்து, நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டாள். வெளியூரில் வேலையாக இருந்த கணவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அவன் சிரித்தான். "நீ இல்லாததை வரையற. அவ இல்லாததைப் படிக்கறா."

அவளும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். பிறகு பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வருகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது நாடா அவிழ்ந்து கிடந்தது. மேஜை மேல் பூங்காப் படம் மட்டும் விரிந்திருந்தது. குட்டியைக் காணோம்.

கட்டிலுக்கடியில் பார்த்தாள். கதவிடுக்கில் பார்த்தாள். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. அது குட்டிக்கு எட்டாது.

"குட்டி! விளையாடினது போதும், வெளிய வா!"

"கத்தாதம்மா." போர்வைக்குள்ளிருந்து பேசுவது போன்ற சின்னக் குரல். "ஒளிஞ்சிருக்கேன்."

குரல் மேஜையிலிருந்து வந்தது.

குனிந்து காகிதத்தில் காதை வைத்தாள். உள்ளே எங்கோ ஊஞ்சல் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எங்கடா கண்ணு இருக்க? பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லு."

"மஞ்சள் பலூன்."

படத்தைப் பார்த்தாள். இருநூறு குழந்தைகள், முப்பது மஞ்சள் பலூன்கள். குட்டிக்கு இருப்பது போன்ற சிவப்புக் கவுனும் ரெட்டைச் சடையும்கூட ஏழெட்டுப் பேருக்குப் போட்டிருந்தாள். தேடுகிற கண் தடுமாற வேண்டும் என்றே யோசித்து யோசித்து வரைந்தவை. அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் பதிப்பகத்தார் அவளிடம் வருவார்கள்.

இடது ஓரத்தில் முதல் குழந்தையின் முகம் கலைந்தது. ஈர விரலால் தேய்த்தது போல. அடுத்த முகம். அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், வரிசை வரிசையாக, ஒன்றைக்கூட விடாமல்.

உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அழுத்தினாள். கைக்கடியில் ஏதோ சில்லென்று ஊர்ந்து கடந்தது. கையை எடுத்தாள். அங்கேயும் முகங்கள் இல்லை.

கிழித்துவிடலாம். ஆனால் குட்டி எந்தப் பாதியில்?

"அம்மா, கை வருது."

"மூச்சு விடாத. அசையாத. அம்மா வந்துட்டேன்."

எங்கே வர? வலது மூலையிலிருந்து தேட ஆரம்பித்தாள். பலூன். இல்லை. ரெட்டைச் சடை. இல்லை. பலூன். இல்லை. கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டாள். அதற்குள் பாதிப் பக்கம் முகமற்றுப் போயிருந்தது.

சறுக்கு மரத்தின் கீழே.

அவள் வரையாத ஒரு குழந்தை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நேராக மேலே, அவளையே பார்த்தபடி.

"இதோ இருக்கடி தங்கம்!"

விரல் தானாகவே போய் அந்த இடத்தில் பதிந்தது.

ஊஞ்சல் சத்தம் நின்றது. வரிசையாக வந்துகொண்டிருந்த ஈரம் நின்றது. பிறகு மீதிப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, காகிதத்தின் குறுக்கே, நேராக அவள் விரலை நோக்கி வந்தது.

விரலை இழுத்தாள். வரவில்லை. நுனியை உள்ளிருந்து ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. சின்னக் கை. வெதுவெதுப்பான கை. அம்மா தூக்கிவிடுவாள் என்று பிடித்துக்கொண்ட கை.

அதன் மேல், ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டே, இன்னொரு கை படிந்தது.