பார்க்காத நாலு நாள்

எங்கள் உப்பளக் குடியிருப்பில் விடிந்ததும் முதல் வேலை, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பது. கையில் விளக்கும் கண்ணாடியும் இருக்கும். கீறல், கொப்புளம், கன்றிய தோல் என்று தடவித் தேட வேண்டும். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். வெட்கத்தையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டோம்.

ஐம்பது டிகிரி வெயிலில் உப்பு வார வேண்டுமென்றால் வலிமடை வேண்டும். தண்டுவடத்தில் பொருத்துகிற அரிசியளவு கருவி. நாங்கள் வால்வு என்போம். முள் குத்தினால் நரம்பு சேதி அனுப்பத்தான் செய்யும். மூளைக்குப் போகாமல் வால்வு அடைத்துவிடும். போட்ட புதிதில் தூத்துக்குடியையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நடந்தேன். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய முட்டாள் நான்.

சித்திரையில் ஒருநாள் சாளை மீன் குழம்பில் உப்பு தூக்கல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அளத்துல வாருறது போதாதுன்னு குழம்புலயும் அள்ளிப் போட்டியாக்கும்" என்றேன் பெண்டாட்டியிடம், அவள் அண்ணன் முன்னால். பியூலாவின் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் விளக்கோடு போனேன். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"என்னய ஒண்ணும் பாக்க வேண்டாம்."

"பாக்கலன்னா எனக்கென்ன போச்சு?"

மூன்றாம் நாள் அடுப்படித் தரையில் ஈரத் தடம் கண்டேன். அவள் இடது குதிகால் பட்ட இடமெல்லாம் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. கேட்க வாயெடுத்தேன். அவளே வந்து பேசட்டும் என்று வீம்பு. துணியெடுத்துத் தடத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பாவி, துடைத்தேனே தவிரக் கேட்கவில்லை. இதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். குதிகாலுக்குள் கண்ணாடிச் சில்லு. சீழ் எலும்பைத் தொட்டிருந்தது.

"ஜெபசிங், நாலு நாளா நீங்க பாக்கவே இல்லையா?" என்றார் டாக்டர்.

"அவங்க வந்தாங்க டாக்டர். நாந்தான் காட்டல" என்றாள் பியூலா.

பாதத்தைக் கணுக்காலோடு எடுத்தார்கள்.

புண் ஆறியதும் வால்வையும் எடுத்துவிடச் சொன்னாள். இனி வலி வரும், இல்லாத பாதம்கூட வலிக்கும், நரம்புக்கு அது போனது தெரியாது என்றார் டாக்டர்.

"வலிக்கட்டும்" என்றாள்.

இப்போது சில நாள் சுவரைப் பிடித்துப் பல்லைக் கடிக்கிறாள். நேற்றுக் காலை பழக்கத்தில் விளக்கும் கண்ணாடியுமாக அவள் முன்னால் உட்கார்ந்தேன். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"என்னய இனி பாக்க வேண்டாம். ஏதாச்சும்னா எனக்கே தெரிஞ்சிரும். விளக்க இங்க குடுங்க. நீங்க திரும்பி உக்காருங்க, உங்களப் பாக்கணும்."

சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தேன். ஓர் இடம் விடாமல் பார்த்தாள்.