கடைசியாக இறுக்கிய கை

விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை மோட்டாரின் மேல் கை வைப்பது. உப்பளத்தின் கிழக்கு வரப்பில் அது நிற்கிறது. அதன் மண்டையில் சாம்பல் நிறத் தகடு ஒன்று பதித்திருக்கும். உள்ளங்கையை அதில் வைத்தால் உள்ளே ஏதோ கொஞ்சம் யோசிக்கும். பிறகு நீலப் பொட்டு எரியும். உப்புத்தண்ணீர் குழாயில் இருமிக்கொண்டே ஏறிப் பாத்திக்குப் போகும். முகம் கழுவுவது, கருப்பட்டிக் காப்பி குடிப்பது எல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்றும் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி பிரகாசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பழைய டீசல் கார். எங்களுக்கு முன்னால் பாலத்தடிப் பேச்சிமுத்து வைத்திருந்தான். அவனும் வந்து, இரண்டு உள்ளங்கையையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு நின்றான். நானும் அப்படியே நின்றேன். முன்பெல்லாம் பெரிய மனிதர்களைக் கண்டால் கை கட்டி நிற்பார்களாம். எங்கள் காலத்தில் திறந்த எஞ்சினுக்கு முன்னால்தான் நிற்கிறோம். பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே அதையும் பழக்கிவிடுகிறோம்.

"கொழுந்தனாரே, கைய நல்லா மடிச்சு வையும். காத்துல பறந்து வந்து எஞ்சின்ல ஒட்டிரப் போவுது" என்றாள் பிரகாசி.

"சிரிக்காதீங்க மதினி. இந்த வண்டிய வித்து எத்தன மாசம் ஆச்சு. இன்னும் என் கைதான் அதுல கெடக்கு. நீங்க பாலத்துல போவும்போதெல்லாம் நா கீழ நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆளில்லாமல் ஓடும் தானோடிகள் ஊருக்குள் வந்த புதிதில், சந்தைக்குள் ஒன்று புகுந்து ஆட்களை நசுக்கியது. யார் செய்தது என்று கேட்டால் ஓட்டினவர் என்று ஒருவர் இல்லை. வண்டி கட்டினவர் நிரல் எழுதினவரைக் காட்டினார். அவர் பழுது பார்த்தவரைக் காட்டினார். பழுது பார்த்ததும் இன்னொரு பொறிதான். செத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு வந்ததுதான் கைப்பொறுப்புச் சட்டம். எந்தப் பொறியானாலும் அதைக் கடைசியாகத் திறந்து இறுக்கிய கை எதுவோ, அந்தக் கைக்காரரே அதற்குப் பொறுப்பு. அது ஆளைக் கொன்றால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். சட்டம் வந்த அன்று நாங்களும் வெடி போட்டோம்.

பழைய வண்டிகளையும் விடவில்லை. எஞ்சினின் மேல் கைநோக்கி என்கிற பூச்சைப் பூசிவிட்டார்கள். வண்டியை யார் ஓட்டினாலும் அது கண்டுகொள்ளாது. திறந்து வேலை செய்கிற கையைத்தான் அது பார்க்கும். ஒருவருக்கு ஒரு பொறிதான். இன்னொன்றில் கை ஏறினால் பழையது அந்த நொடியே நம்மை மறந்து நின்றுவிடும். அப்படி நின்றதை, சும்மா இருக்கிற கை எது முதலில் தொடுகிறதோ அது எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளுக்கு நிறுவனக் கை என்று ஒன்று உண்டு. ஆயிரம் வண்டியை அது தாங்கும். ஆனால் அந்த வண்டிகள் பாலத்தைத் தாண்டி வராது. உப்புக்காற்று அவற்றின் கண்ணை அரித்துவிடும். அதனால் அவற்றின் வரைபடத்தில் எங்கள் உப்பளமே இல்லை. ஆம்புலன்சும் அப்படித்தான். பிரகாசிக்கோ வாரம் தவறாமல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சைக்கிளில் கூட்டிப்போன காலத்தில் திரும்பி வரும்போது வரப்பில் மயங்கி விழுந்திருக்கிறாள். அதற்காகத்தான் இந்த வண்டி.

அன்று மத்தியானம் அவளுக்கு முறை. பொழுது சாயும்போது வண்டியின் எண்ணெய்க் கெடுவும் முடிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கைநோக்கி எஞ்சினைக் கிளம்ப விடாது. நான் எண்ணெய் மாற்றினால் மோட்டார் என்னை மறந்துவிடும். மோட்டாரில் எவன் கை இருக்கிறதோ அவனுக்குத்தான் உப்பளத்து வீடு. பிரகாசியின் கை ஒன்றிலும் இல்லை. நோய் வந்ததிலிருந்து சும்மாதான் இருக்கிறது. பாத்தி வேலை பார்க்க முடியாத கைக்கு உப்பளத்தில் மோட்டாரைக் கொடுப்பதில்லை.

"என் கையி பெறகு எதுக்கு இருக்கு? நானே செய்யுதேன்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

காய்ந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் சக்கரம் நிற்கும்படி வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் கல் வைத்திருந்தேன். எண்ணெய் இளகட்டும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். அவள் வாய்க்காலுக்குள் குனிந்து போய்ச் சாக்கின் மேல் மல்லாந்து படுத்தாள்.

"அடியில ஒரு போல்ட் தெரியும் பாரு. அதுக்குக் கீழ டின்ன வச்சிக்கோ. வலக்கையால திருப்பு."

"தெரியுது. சும்மா வெரட்டாதீங்க."

ஸ்பானர் ஒரு தரம் வழுக்கியது. மறுபடி போட்டுக் காலை வாய்க்கால் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். போல்ட் அசைந்தது. எண்ணெய் தார் போல இறங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய இடக்கையில் ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் சொல். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய் வடிகிற நேரத்தில் மேலே வந்து காற்று வடிகட்டியை எடுத்தாள். அதன் மடிப்பெல்லாம் வெள்ளையாக உப்பு. தரையில் தட்டினால் கட்டியாக விழுந்தது.

"இத்தன நாளு இது வழியாவா மூச்சு விட்டுச்சு? என்னய மாரித்தான் கெடந்திருக்கு பாவம்" என்றாள்.

புதியதைப் பொருத்திவிட்டு டீசல் வடிகட்டியையும் மாற்றினாள். அதற்குள் டீசல் ஊற்றி நிரப்பி, ரப்பர்ப் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினாள். ரேடியேட்டர் தண்ணீரையும் திறந்துவிட்டுப் பச்சை நிறக் கூலன்ட் ஊற்றினாள். அதெல்லாம் சுளுவாக முடிந்தது. மிச்சம் இருந்தது எண்ணெய் வடிகட்டிதான். அதை இறுக்கும் கையைத்தான் கைநோக்கி முடிவாகக் கணக்கில் எடுக்கும்.

கீழே போய் போல்ட்டைப் புது வாஷரோடு முடுக்கிவிட்டுப் பழைய வடிகட்டியைக் கழற்றினாள். புதியதன் அட்டைப்பெட்டி தரையில் கிடந்தது. பெட்டியைத் தொட்டால் குற்றமில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு எழுத்து வந்தது தலை நரைத்த பிறகு. ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

"புதிய வளையத்தில் எண்ணெய் தடவவும். கையால் மட்டும் இறுக்கவும். இறுக்கும் முன் பழைய..."

"அண்ணாச்சி, நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். கையால இறுக்கணும், அவ்வளவுதான? மாட்டுங்க மதினி" என்றான் பேச்சிமுத்து. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேரமும் போய்க்கொண்டுதான் இருந்தது. பெட்டியைக் கீழே போட்டேன். பிரகாசி விரலால் வளையத்தில் எண்ணெய் தடவி, வடிகட்டியைச் சுழற்றி ஏற்றி இறுக்கினாள். வெளியே வந்து புது எண்ணெயை ஊற்றி, அளவுக்கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்தாள். எண்ணெய் விளக்கு அணைந்து எஞ்சின் சற்று நேரம் ஒழுங்காக ஓடினால் அவள் கை ஏறிவிடும். பேச்சிமுத்து விடுபடுவான். நான் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது. அதோடு அடியில் சளசளவென்று சத்தம். குனிந்து பார்த்த பேச்சிமுத்து "நிறுத்தும், நிறுத்தும்" என்று கத்தினான். வடிகட்டியைச் சுற்றிப் புது எண்ணெய் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அணைத்தேன். விளக்கு அணையவே இல்லை. அவள் கை ஏறவில்லை.

கழற்றிப் போட்டிருந்த பழைய வடிகட்டியை அப்போதுதான் பார்த்தேன். அதன் வாயில் வளையம் இல்லை. எஞ்சினோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் மேலேயே புது வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறோம். பெட்டியில் நான் வாசிக்காமல் விட்ட வரி அதுவாகத்தான் இருக்கும். பேச்சிமுத்துவும் அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல. கேன்ல எண்ணெய் இருக்குல்லா. திருப்பிச் செய்வோம்" என்று பிரகாசி மறுபடி உள்ளே போனாள்.

கழற்றிவிட்டாள். ஒட்டியிருந்த வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டாள். ஆனால் மறுபடி இறுக்கும்போது வடிகட்டியெல்லாம் எண்ணெய். வலக்கை வழுக்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பிடித்தாள். திரும்பவில்லை. பிறகு இடக்கையையும் மேலே கொண்டுபோனாள்.

"அந்தக் கை வேண்டாம்டி! இறக்கு!"

"கொஞ்சந்தான்... இன்னும் கொஞ்சந்தான் திரும்பணும்."

புடைத்த நரம்பு இன்னும் புடைத்தது. அப்புறம் கை இரண்டும் தாமாகவே சரிந்தன. முகம் வெளிறி, உதடு காய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர்கூட அவளுக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும்.

"பிரகாசி."

"இந்தா... மூச்சு வாங்கிட்டுச் செய்யுதேன்."

செய்ய முடியாது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. மண்ணில் ஒரு பெண் கிடக்கிறாள். அவள் தலைமாட்டில் இரண்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் பேச்சிமுத்துவைப் பார்த்தேன்.

"என்னயப் பாக்காதீரும் அண்ணாச்சி" என்றான். "நா தொட்டா திரும்பவும் நாந்தான். பாலத்தடியில ஒழுகுற தகரத்துக்குள்ள பெண்டாட்டி பிள்ளையளோட எத்தன மழையில நனஞ்சிட்டேன். கையி சும்மா இருந்தாத்தான ஒரு மோட்டாரு கிடைக்கும், ஒரு வீடு கிடைக்கும்? நா என்ன செய்ய, சொல்லும்."

அக்குளுக்குள்ளிருந்து கையை எடுத்தேன். வேர்வையில் நனைந்து, வேறு யாருடைய கையோ போல வெளுத்திருந்தது. வாய்க்காலுக்குள் இறங்கி அவளை மெல்ல இழுத்து வெளியே சாய்த்தேன்.

"வேண்டாங்க. மோட்டாரு போயிரும். வீடு போயிரும். நா செய்யுதேன்னு சொன்னேம்லா."

"வீடு கெடக்கட்டும். நீ கண்ண மூடாம இரு."

சாக்கில் அவள் உடம்பின் சூடு இருந்தது. படுத்தேன். வடிகட்டியைத் துடைத்துப் பிடித்தேன். வளையம் போய் உட்காருகிற இடம் விரலுக்குத் தெரிந்தது. அதற்கு மேலும் அழுத்தித் திருப்பினேன். எழுந்து எண்ணெய் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன்.

சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அடியில் ஒரு சொட்டு விழவில்லை. எஞ்சின் சீராக ஓடியது. எங்கள் மூன்று பேர் காதும் எஞ்சினில் இல்லை, கிழக்கே மோட்டாரில் இருந்தது. கைநோக்கியில் நீலப் பொட்டு எரிந்தது. அதே நேரம் கிழக்கு வரப்பில் மோட்டார் நின்றது. நான் உப்பளத்துக்கு வந்த நாளிலிருந்து பகலெல்லாம் காதில் இருந்த சத்தம் அது. போன பிறகு காற்று மட்டும் இருந்தது.

பேச்சிமுத்து கையை வெளியே எடுத்தான். இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தான். இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"பாத்தி காஞ்சிரும் அண்ணாச்சி" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"காயும்."

"வேற யாராவது வந்து கை வச்சிருவான்."

"வைப்பான்."

நான் பிரகாசியைத் தாங்கித் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பானெட்டை இறக்கினேன். இனி இந்த வண்டியின் பிரேக் போனாலும் பாலத்தில் ஒருவனை முட்டினாலும் என் கைதான் பதில் சொல்ல வேண்டும். மெதுவாக ஓட்டினேன்.

வரப்பின் கடைசித் திருப்பம் வருவதற்குள் பின்னால் மோட்டார் இருமியது. பிறகு ஓடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். பேச்சிமுத்து தகட்டின் மேல் கையை வைத்தபடி எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"பேச்சிமுத்துதான" என்றாள் பிரகாசி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா."

"நாம திரும்பி வரும்போது அவன் பிள்ளைக நம்ம வீட்டுல ஓடிக்கிட்டிருக்கும்."

"இருக்கும்."

தலையைச் சன்னலில் சாய்த்தாள். "அவன் விட்டுட்டுப் போற தகரத்துல மழைதான் ஒழுகும். வெயிலுக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள். எங்கே போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. எனக்கு அதுவரை தோன்றவில்லை.

பாலம் வந்தது. அதற்கு அப்பால் தார் ரோட்டில் தானோடிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் கையை மடியில் மடித்து வைத்திருந்தார்கள்.

நான் அவள் பக்கம் பார்த்தேன். தூக்கி உட்கார வைத்தபோது அவள் ரவிக்கைத் தோளில் என் விரல் ஐந்தும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சீட்டுக்கு அடியிலிருந்து பழந்துணியை எடுத்து நீட்டினேன்.

அவள் தோளைக் குனிந்து பார்த்தாள். துணியை வாங்கி என் கையைத் துடைத்துவிட்டாள்.

தோளைத் தொட்டு, "இது இருக்கட்டும்" என்றாள்.